ஜெனி எழுதிய பலகை

16-10-2011, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். சர்ச்சில் பூசைக்கு நான் போகவில்லை. பிலோ மட்டும் போனாள். குடை எடுக்காமல் போய் நனைந்துகொண்டு வந்தாள். கேட்டால், "நனைஞ்சா இன்னா இப்ப?" எங்கள் பெண் ஜெனி போனதிலிருந்து எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். குழம்பில் உப்பு இல்லை என்றாலும் இன்னா இப்ப. கதவைத் திறந்துபோட்டு வந்தாலும் இன்னா இப்ப.

லீவு நாள் வேலை: சைக்கிள் பங்க்சர். யூனிபார்ம் சட்டைக்குப் பட்டன். ஜெனியின் கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடுவது. மூன்றாவது வேலை ஜூனிலிருந்து நிற்கிறது.

மூடுவதற்கு முன் ஒரு தடவை போட்டுப் பார்ப்போம் என்று பட்டனை அமுக்கினேன். அது பாட்டுக்கு பொம்மை ஊருக்குள் போய்விட்டது. பொம்மை ஊர் என்று பெயர் வைத்தது நான். ஜெனிக்குக் கோபம் வரும். "அப்பா, அது என் ஆபீஸு" என்பாள். பாண்டியில் அவள் வேலை பார்த்த கம்பெனி அந்த ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தது. செங்கல் இல்லை, சிமென்ட் இல்லை, எல்லாம் திரைக்குள். ரீயூனியன் தீவில் தமிழ் வம்சத்துப் பிள்ளைகள் உண்டாம், வீட்டில் பிரெஞ்சுதான் பேச்சு. அந்தப் பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மையாக அங்கே வருவார்கள். ஜெனியும் பச்சைத் தாவணி கட்டிய பொம்மையாகப் போய் நிற்பாள். உட்கார்ந்திருப்பது விழுப்புரத்தில், எங்கள் வீட்டு முன்னறையில். எதிர்வீட்டு சரசு ரொம்ப நாள் இதை ட்யூஷன் என்றே நினைத்திருந்தாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பலகை. டீச்சருக்கு மட்டும் என்று இல்லை. உள்ளே நிற்கிற யாரும் எழுதலாம், ஆளுக்கொரு நிறம். ஒருவர் எழுதுவது அதே நேரத்தில் எல்லோர் வீட்டுத் திரையிலும் தெரியும். யாராவது துடைக்கும்வரை அப்படியே நிற்கும். ஜெனி அதற்கு இரண்டு சட்டம் வைத்திருந்தாள். கேள்வி எழுதியவர்தான் பதிலைத் திருத்தி, சரியென்றால் சிவப்பு டிக் போட வேண்டும், அது டீச்சரானாலும் சரி பிள்ளையானாலும் சரி. இன்னொன்று, துடைப்பதற்கு முன் எல்லோரிடமும் கேட்க வேண்டும். தினம் வகுப்பு முடியும்போது "அழிக்கலாமா?" என்பாள். "அழிக்கலாம் டீச்சர்" என்று மெஷினுக்குள்ளிருந்து கோரஸ் வரும். அடுப்படிவரை கேட்கும்.

கடைசியாக நடத்திய பாடத்துக்கு அப்படிக் கேட்கவில்லை போலிருக்கிறது. பலகையில் நிற்கிறது. நீல நிறம்.

யார்? எது? எங்கே? எப்போது?

அதற்குக் கீழே: நீ எப்போது வருவாய்?

மறுநாள்தான் காய்ச்சல் ஆரம்பம். அப்புறம் பாண்டி ஆஸ்பத்திரி. ரத்தம் ஏற்றினார்கள். அப்புறம் ஒன்றும் இல்லை.

புள்ளியை வட்டமாகத்தான் போட்டிருக்கிறாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து திட்டியிருக்கிறேன், புள்ளியைப் புள்ளியாக வை, சைபர் போடாதே என்று. கேட்டதே இல்லை. 'யார்' தலையில் ஒரு சைபர், 'எப்போது' தலையில் ஒரு சைபர்.

அழுதுவிட்டேன். பிலோ அடுப்படியில் இருந்தாள். கேட்டிருக்காது.

அப்போது ஒரு சின்னப் பொம்மை, ரெட்டைப் பின்னல், ஓரத்திலிருந்து ஓடி வந்தது. எனக்கு நேர் முன்னால் நின்று பார்த்தது. பிறகு காணோம். ஏன் என்று புரியவில்லை.

மெஷினை மூடவில்லை. பங்க்சரும் ஒட்டவில்லை.

18-10, செவ்வாய்

வெயில். பஸ்ஸில் கூட்டம் கம்மி. விக்கிரவாண்டியில் ஒரு பெரியவர், ஒரு காலைப் படியில் வைத்துக்கொண்டு, "வண்டி ஜல்தியா போவுமா?" "ஏரோப்ளேன் மாதிரி போவும், ஏறுங்க." ஏறினார். திண்டிவனம் வரைக்கும் என்னை முறைத்துக்கொண்டே வந்தார்.

மத்தியானம் பவானி போன். ஜெனியோடு அதே கம்பெனியில் பாடம் எடுக்கிற பெண். கண்டமங்கலத்திலிருந்து தினம் பாண்டிக்கு பஸ்ஸில் போய் வருகிறவள்.

"அங்கிள், ஜெனி பேர்ல உள்ள போனீங்களா?"

"மெஷின போட்டேம்மா. அதுவா உள்ள பூட்ச்சி."

"அங்க லியான்னு ஒரு பாப்பா. டீச்சர் திரும்பி வந்துட்டாங்கன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லி ஒரே அழுகையாம். அவங்க அம்மா எங்க மேடத்துக்கு மெயில் போட்டுக்கிறாங்க."

அப்போதுதான் உறைத்தது. பச்சைத் தாவணிப் பொம்மைக்குள் நின்றது நான். செத்த பெண்ணின் துணியை மாட்டிக்கொண்டு ஒரு குழந்தை முன்னால் போய் நின்றிருக்கிறேன். லியாவின் அம்மாவிடம் எனக்காக மன்னிப்பு கேட்கச் சொன்னேன்.

பவானி நல்ல பெண். திட்டவில்லை. எனக்கென்று வேறு பொம்மை செய்து தருகிறேன் என்றாள். "க்ளாஸ வேற எடத்துக்கு மாத்திட்டோம் அங்கிள். அந்த ரூம அப்படியே உட்டுட்டோம். ஜெனி எழுதுனத யாரும் தொட மாட்டாங்க. அது எங்கியும் போவாது."

எங்கியும் போவாது. டிக்கெட் கொடுக்கும்போதெல்லாம் இதுவே வாயில் வந்தது.

20-10, வியாழன்

என் பொம்மை வந்தாயிற்று. மொட்டைத் தலை, செருப்பு இல்லை. பழனிக்குப் போய்வந்த ஆள் மாதிரி. நடக்கத் தெரியவில்லை. இரண்டு தடவை சுவரில் முட்டி, ஒரு தடவை குளத்தில் இறங்கி, பலகைக்குப் போய்ச் சேர்ந்தேன். நனையவில்லை. அந்த ஊரில் அது ஒரு சௌகரியம்.

அன்று ஜெனி எழுத்தை மட்டும்தான் பார்த்தேன். இன்று நிதானமாகப் பார்த்தால் பலகை முழுக்கக் கிறுக்கல். இதயம், மெழுகுவர்த்தி, சிலுவை, பூனை. பிரெஞ்சில் ஏதேதோ. ஜெனி இறந்த பிறகு பிள்ளைகள் வந்து எழுதிவிட்டுப் போனதாம். 'நன்றி டீச்சர்', 'நன்றாகத் தூங்குங்கள்' என்றெல்லாம் அர்த்தமாம், பவானி சொன்னாள். இருக்கட்டும். பக்கத்தில் எழுதட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு வாண்டு 'நீ எப்போது வருவாய்' மேலேயே ஒரு யானை போட்டிருக்கிறது. தும்பிக்கை 'வருவாய்' மேல். பஸ் ஸ்டாண்டு சுவர் மாதிரி ஆக்கி வைத்திருக்கிறார்கள். என்ன பிள்ளை வளர்ப்போ.

பிலோவிடம் சொன்னேன். இவ்வளவு நாள் சொல்லவில்லை.

"நம்ம ஜெனி எழுதுனது இருக்குது. வந்து பாரு."

அரிசி களைந்துகொண்டிருந்தாள். திரும்பவில்லை. "பொணத்த ரெண்டு தரம் பாக்க சொல்றீங்களா?"

முன்னறைக்குத் திரும்பி வந்து மெஷினை நிறுத்தினேன்.

23-10, ஞாயிறு

மழை விட்டு விட்டு. சட்டை காயவில்லை.

பிலோ மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் பேப்பர். அவளாகவே ஆரம்பித்தாள்.

"அது டைப் அடிச்சதா, கையால எழுதுனதா?"

"கையாலதான். அந்த சிலேட்டுல எழுதுவாளே, பேனா வெச்சி. அது."

சிலேட்டு என்பது கம்ப்யூட்டரோடு சேர்ந்த ஒரு தகடு. அதில் எழுதினால் திரையில் விழும். அந்தப் பெயரும் ஜெனி வைத்ததுதான்.

கொஞ்ச நேரம் உரித்தாள். "புள்ளி வட்டமா போட்டுக்கிறாளா?"

"வட்டம்தான்."

தலையைக் குனிந்துகொண்டாள். எங்களிடம் ஜெனியின் தமிழ்க் கையெழுத்து என்று ஒரு துண்டுக் காகிதம் இல்லை. காலேஜ் நோட்டெல்லாம் போன வருஷம் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டது. போடச் சொன்னவளே ஜெனிதான், இடத்தை அடைக்கிறது என்று. பேங்க் கையெழுத்து இங்கிலீஷில். மற்றது எல்லாம் டைப். கல்லறையில் இருக்கிற எழுத்து கல் வெட்டுகிறவர் எழுத்து.

"கல்லற திருநா அன்னிக்கி பாக்குறேன்" என்றாள். "கல்லறைக்குப் போய்ட்டு வந்து பாக்குறேன். அதுக்கு முன்ன கூப்புடாதீங்க. எனுக்கு தெம்பு வோணும்."

சரி என்றேன். மல்லாட்டை நானும் கொஞ்சம் உரித்தேன். இன்றைக்கு 'இன்னா இப்ப' ஒரு தடவைகூட வரவில்லை. இப்போது எழுதும்போதுதான் தோன்றுகிறது.

26-10, புதன்

தீபாவளி. அமாவாசையும்கூட. எங்கள் வண்டியை மேல்மலையனூர் ஸ்பெஷல் என்று திருப்பிவிட்டார்கள். காலை வைக்க இடமில்லை. எலுமிச்சம்பழ வாசனை, வேப்பிலை, ஒரு அம்மாவுக்கு வண்டியிலேயே சாமி வந்துவிட்டது. சாமிக்கு டிக்கெட் கேட்கலாமா என்று டிரைவர் கோவிந்தன் கேட்கிறான். பேஜாரான ஆள். ஆனால் இரண்டு ஏக்கர் மல்லாட்டை தண்ணீரில் நிற்கிறது அவனுக்கு. அதைச் சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

இறங்கும்போது, "அக்கா எப்டிகீறாங்கண்ணே?" என்றான். பரவாயில்லை என்றேன். பொய் இல்லை.

வீட்டுக்கு வந்தால் பிலோ ஒன்று சொன்னாள். எதிர்வீட்டு சரசு வருஷா வருஷம் பலகாரத் தட்டு கொண்டுவருவாள். இந்த வருஷம் கேட்டுவரை வந்து, சாவு வீடாயிற்றே என்று அப்படியே திரும்பிவிட்டாளாம். பிலோ கூப்பிட்டாளாம். "குடுத்துட்டு போடி. அவுளுக்கு ஒன் அதிரசம்னா உசுரு." வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கேட்டிலேயே நின்று அழுதார்களாம்.

அதிரசம் இரண்டு எனக்கு எடுத்து வைத்திருந்தாள். கொஞ்சம் கெட்டி. தின்றேன்.

30-10, ஞாயிறு

மழை இல்லை. கல்லறை வேலை இன்றைக்கே முடித்தாயிற்று. ஊரே அங்கேதான். மண்வெட்டி, குடம், சுண்ணாம்பு வாளி. வெள்ளையடித்த கல்லறைகளுக்கு நடுவில் பிள்ளைகள் ஒளிந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

ஜெனியின் கல் புதுசு. அதற்குள் பாசி. நாலு மழைதான், பச்சையாக ஏறிவிட்டது. பேர் சரியாகத் தெரியவில்லை. பக்கத்து மரத்துக் காக்கா வேறு. புல்லைச் செதுக்கினேன். பிலோ குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். தேங்காய் நாரை வைத்து நான் தேய்த்தேன். பாசி குழம்பாக ஓடியது. கீழே எழுத்து அப்படியே. ஒன்றும் ஆகவில்லை. கல்லில் வெட்டினது எங்கே போகும். காய்ந்ததும் கறுப்பு பெயின்ட் எடுத்து ஒவ்வொரு எழுத்தாக நிரப்பினேன். ஜெ. னி. ட். டா. புள்ளியைக் கொஞ்சம் வட்டமாக வைத்தேன். பிலோ பார்த்தாள். தோளில் கை வைத்தாள்.

"அழுக்கா இருந்தா அவுளுக்கு ஆவாது" என்றாள்.

உண்மைதான். மேசைமேல் ஒரு தூசி இருந்தால் சத்தம் போடுவாள்.

திரும்பி வரும்போது பலகை ஞாபகம். கல்லறையைக் கழுவியாயிற்று. அது மட்டும் யானையும் பூனையுமாகக் கிடக்கிறது. பிலோ முதல் தடவையாகப் பார்க்கப் போகிறாள். யானைக்குக் கீழேயா பார்ப்பது? ஒரு நாள் லீவு போட்டு அதையும் சுத்தம் பண்ணிவிட வேண்டும்.

1-11, செவ்வாய்

போய்விட்டது.

எல்லாம் போய்விட்டது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுதினால் எங்காவது ஒரு வழி தெரியும் என்று.

சகல அர்ச்சிஷ்டர் திருநாள், எல்லாப் புனிதர்களுக்குமான நாள். பூசை முடிந்து பிலோ நேராகப் பூ வாங்க மார்க்கெட். நான் லீவு. என் மொட்டைப் பொம்மையோடு போனேன். அறையில் யாரும் இல்லை. பலகை ஓரத்தில் டஸ்டர் படம் இருக்கிறது, ஜெனி அதைத் தொடுவதைப் பார்த்திருக்கிறேன். சிலேட்டுப் பேனாவால் தொட்டேன். மூலையில் ஒரு இதயத்தைத் தேய்த்துப் பார்த்தேன். சுத்தமாகப் போயிற்று. ஒரு மெழுகுவர்த்தி. போயிற்று. பூனை. சிலுவைகளை விட்டுவிட்டேன், சிலுவையைத் துடைக்கக் கை வரவில்லை.

டஸ்டரைப் பெரிதாக்கலாம் என்று தெரிந்தது. பெரிதாக்கினேன். கல்லறையில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி, யானை மேல் ஒரே இழுப்பு. இடமிருந்து வலம். திரும்ப மேலிருந்து கீழ். நன்றாக அழுத்தி.

நிமிர்ந்து பார்த்தால் வெள்ளை.

காத்திருந்தேன். சத்தியமாகக் காத்திருந்தேன். ஈரம் காய்ந்தால் கீழே இருக்கிற எழுத்து எழும்பும் என்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டு. அவள் எழுத்து அடியில் இருக்கிறது, மற்றதெல்லாம் மேலே படிந்தது என்று என் நினைப்பு. எங்கியும் போவாது என்று சொன்னாளே பவானி. பாசி போகும், எழுத்து நிற்கும் என்று நேற்றைக்கு முன்தினம் இதே கையால் தேய்த்துப் பார்த்தேனே.

அடி, மேல் எல்லாம் அங்கே கிடையாது. யானையும் ஒன்றுதான், என் பெண்ணும் ஒன்றுதான்.

பவானிக்குப் போன். எடுத்ததும், "பவானி, பலகை" என்றேன்.

"அங்கிள்? இன்னா அங்கிள்?"

சொன்னேன். அவளும் உள்ளே போய்ப் பார்த்தாள். பிறகு, "அது அப்பப்பவே எல்லாருக்கும் சேவ் ஆயிரும் அங்கிள். பழசு எங்கியும் இருக்காது." யாராவது படம் பிடித்து வைத்திருந்தால் உண்டு, பிள்ளைகளைக் கேட்கிறேன் என்றாள். சாயந்திரம் திரும்பக் கூப்பிட்டாள். யாரிடமும் இல்லை. எல்லோரும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தார்களாம். நானும் அப்படித்தானே இருந்தேன்.

"நான் சொல்லியிருக்கணும் அங்கிள்" என்று அவள் அழுகிறாள். அவள் எதற்கு அழுவது.

பிலோ வருவதற்குள் நானே எழுதிவிடலாம் என்று பார்த்தேன். பாவம்தான். இருந்தாலும் பார்த்தேன். நீல நிறம் எடுத்து 'யார்' என்று எழுதினேன். பஸ்ஸில் நின்றுகொண்டு டிரிப் ஷீட் எழுதுகிற கை. எழுத்து ஆடுகிறது. வட்டம் முட்டை மாதிரி வருகிறது. இத்தனை வருஷம் திட்டினேன், எனக்கு அந்தச் சைபரைப் போட வரவில்லை. அதையும் துடைத்தேன். துடைக்க மட்டும் நன்றாக வருகிறது.

அழிக்கலாமா என்று கேட்டிருக்க வேண்டும். அங்கே யாரும் இல்லை, யாரிடம் கேட்பது. இருந்தாலும் வாயைத் திறந்து ஒரு தடவை கேட்டிருந்தால் கை நின்றிருக்குமோ என்னவோ.

பிலோ மார்க்கெட்டிலிருந்து வந்துவிட்டாள். சாமந்தி, கோழிக்கொண்டை. மெழுகுவர்த்திக் கட்டு. முகத்தில் ஒரு தெளிவு. "நாளைக்கி மெஷின் நல்லா வேல செய்யுமில்ல?" என்று கேட்கிறாள்.

செய்யும் என்றேன்.

2-11, புதன்

கல்லறைத் திருநாள். மழை.

மெழுகுவர்த்தி நிற்கவில்லை. பிலோ முந்தானையால் மறைத்து மறைத்து ஏற்றினாள். ஃபாதர் குடைக்குக் கீழே நின்று தீர்த்தம் தெளித்தார். வானமும் தெளித்தது. பக்கத்துக் கல்லறைக்காரர் சொன்னார், "ஒங்க பொண்ணுதுதான்யா இருக்கறதுலயே சுத்தம்." நான் தலையாட்டினேன். பெயின்ட் நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு எழுத்தும் கரையவில்லை.

ஃபாதரிடம் சொல்லிவிடலாமா என்று பக்கத்தில் போனேன். அவருக்கு இன்னும் ஒரு வரிசை பாக்கி. திரும்பிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் பிலோ கை கால் கழுவி, வேறு புடவை மாற்றி, தலை வாரி, நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். பூசைக்குத் தயாரான மாதிரி. "போடுங்க" என்றாள்.

"நெட்டு இல்ல போலக்கீது."

"பச்ச லைட்டு எரியுதே. பச்ச எரிஞ்சா இருக்குதுன்னு ஜெனி சொல்லுவா."

போட்டேன். என் பொம்மை போய் நின்றது. பலகை. ஓரத்தில் இரண்டு சிலுவை. மற்றது வெள்ளை.

பிலோ முன்னால் சாய்ந்து பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"எங்கங்க?"

நான் சிலேட்டு ஒயரை இழுத்துப் பார்த்தேன்.

"ஏங்க. எங்க கீது?"

"பசங்க அழிச்சிட்டு இருப்பாங்க" என்றேன். "வெளயாட்டுப் பசங்க. அன்னிக்கே கண்டபடி கிறுக்கி வெச்சிருந்தாங்க."

இதை நான் சொன்னேன். என் வாயால். எழுதி வைக்கிறேன்.

பிலோ அழவில்லை. திட்டவும் இல்லை. "கொழந்திங்கதானே. அதுங்களுக்கு இன்னா தெரியும்" என்றாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மெஷினை நிறுத்தப் போனேன். "இருங்க. கொஞ்ச நேரம் இருக்கட்டும். அவ நின்ன எடம்தானே."

அப்படி இருக்கும்போதுதான் ரெட்டைப் பின்னல் பொம்மை வந்தது. லியா. கையில் பூ. அந்தத் தீவிலும் இந்த நாட்களில் கல்லறைக்குப் பூ கொண்டுபோவார்களாம். பலகைக்குக் கீழே பூவை வைத்தது. நிமிர்ந்து பலகையைப் பார்த்தது. நகராமல் நின்றது. பிறகு என் பொம்மை பக்கம் திரும்பியது. அறையில் வேறு யாரும் இல்லை.

பலகையில் ஊதா நிறத்தில் ஒரு கோடு. மெதுவாக வருகிறது. குழந்தை கை, தட்டுத் தடுமாறி வருகிறது. பிலோ ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தாள்.

"யா... ர்... அ... ழி... த்... த... து."

யார் அழித்தது?

ர் தலையில் வட்டம். த் தலையில் வட்டம். சைபர் மாதிரி, சுத்தமான வட்டம்.

பிலோ திரையில் விரலை வைத்தாள். "ஜெனி கை மாரியே கீதுங்க" என்றாள். அப்புறம், "அந்தப் புள்ள ஒங்கள கேக்குது. பதில் எழுதுங்க. யாரோ பசங்கன்னு எழுதுங்க."

சிலேட்டை எடுத்து என் மடியில் வைத்தாள். பேனாவைக் கையில் கொடுத்தாள்.

லியா பொம்மை காத்திருந்தது. அந்த ஊரில் பொம்மைகள் கண் சிமிட்டும். அதுவும் சிமிட்டிக்கொண்டு நின்றது.

'நான்' என்று எழுதினேன்.

பிலோ படித்தாள். கூட்டிப் படிக்கத் தேவையில்லை, ஒரே வார்த்தை.

லியாவுக்கு என்ன புரிந்ததோ. கேள்வி எழுதியது அதுதான். பதில் வந்துவிட்டது. டீச்சர் வைத்த சட்டப்படி என் 'நான்' பக்கத்தில் சிவப்பாக ஒரு டிக் போட்டது. அழகான டிக். அப்புறம் கையாட்டிவிட்டு மறைந்துவிட்டது.

பிலோ அந்த டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிலோ" என்றேன். "கல்லற மாதிரி நெனச்சிட்டேன் பிலோ. கழுவுனா எழுத்து நிக்கும்னு." எழுந்து போய் ஈரப் புடவையைக் கொடியில் போட்டாள்.

3-11, வியாழன்

மழை. முதல் டிரிப். டிபன் கட்டி வைத்திருந்தாள். இட்லி, பொடி. பேச்சில்லை.

வண்டியில் இரண்டு இடத்தில் டிக்கெட் மாற்றிக் கிழித்தேன். ஒரு பெண் சத்தம் போட்டாள், "கண்ண எங்க வெச்சிக்கினுகீற?" கோவிந்தன் கண்ணாடியில் பார்த்தான். திண்டிவனத்தில் டீ வாங்கிக் கொடுத்தான். மல்லாட்டை மொத்தமும் போய்விட்டதாம் அவனுக்கு.

மத்தியானமே வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிலோ நாற்காலியில். சிலேட்டு மடியில். அவளாகவே போட்டிருக்கிறாள்.

பலகையில் 'யார் அழித்தது?' இல்லை. என் 'நான்' இல்லை. டிக்கும் இல்லை. கோணல் மாணலாக, புது ஆள் கையில், கறுப்பு நிறத்தில் ஒரு வரி: அழிக்கலாமா? அதற்குக் கீழே லியாவின் ஊதாவில்: அழிக்கலாம். ம் தலையில் வட்டம். பக்கத்தில் பிலோ போட்ட டிக், சிவப்பில்.

கேட்டுவிட்டுத்தான் துடைத்திருக்கிறாள்.

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"நீங்க எழுதுனத அந்தப் புள்ள தெனம் வந்து பாக்க வேணாம்னு தொடைச்சேன்" என்றாள். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுக்கோசரம்தான். எனுக்கு தொடைக்கல, எனுக்கு அது அப்டியேதான் கீது. எந்திரிங்க, சோறு ஆறுது."